வைரஸ் தொல்லைக்குப் பின் புதிய கம்ப்யூட்டர்: வாங்குவதும் மாறுவதும்

புதிய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பழைய பென்டிரைவைச் செருகி, பழைய கிராக் (பூட்டு உடைத்த திருட்டு) சாஃப்ட்வேரை ஏற்றினால், பழைய வைரஸும் அன்றே வந்து சேரும். அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசுதான் தண்டம். அதனால் கடைக்குப் போகுமுன் பழைய கம்ப்யூட்டருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், அது வைரஸ்தானா?

வைரஸ் என்று பழி சுமக்கும் தொல்லைகளில் மூன்று வைரஸே இல்லை.

முதலாவது, மந்தம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். பெயருக்குக் கீழே ஹெச்டிடி என்று இருந்து, எதையும் திறக்காத நேரத்திலும் பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால், பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. அதைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு) மாட்டினாலே பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்ளும். ரேம் 4 ஜிபி மட்டும் என்றால் அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்பு. உற்றுப் பார்த்தால் அந்தப் பெட்டியில் குரோம் அல்லது எட்ஜ் பெயரும், கேள்விப்படாத ஓர் இணையதளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். எப்போதோ படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளத்தில் 'அலவ்' என்பதை அழுத்தியதன் பலன் அது. பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினால் அடங்கிவிடும். இதற்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தேடினால் வேறு தளத்துக்குப் போவது, முகப்புப் பக்கம் மாறுவது. இது பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்ற துணைச் செயலியின் வேலை. பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் நீங்களாகத் தேடிப் போடாத எதையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

இவை போக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை ஆன் செய்யவே விடாமல் தடுப்பது, ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத வால் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பது, பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறுவது, உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் அனுப்பாத மெயில் போவது: இவை உண்மையான நோய்க்குறிகள்.

எந்தக் கதவு திறந்திருந்தது?

வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பொறுத்தவரை கிராக் சாஃப்ட்வேரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 'ஆக்டிவேட்டர்' என்று வரும் கருவி, ஓடுவதற்குமுன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்துவிட்டு அட்மின் (எதையும் மாற்றும் முழு அதிகார) அனுமதியும் கொடுத்தால், திருடனைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்த மாதிரி. விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க இறக்கும் 'சீட்' கருவிகளும் இதே ரகம்.

அடுத்தது, வால் மறைந்த ஃபைல். விண்டோஸ் தானாகவே ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருக்கும். இஎக்ஸ்இ என்று முடிவது ஓடும் புரோகிராம். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று ஒன்று வந்தால் உங்கள் கண்ணுக்கு 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். மெயிலில் வரும் ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். பூட்டிய ஜிப்பின் உள்ளே மெயில் ஸ்கேனரால் பார்க்க முடியாது என்பதற்காகவே அப்படி அனுப்புகிறார்கள்.

அண்மைக் காலத்தில் பரவும் வித்தை ஒன்று. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். டிக் செய்ததும், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வி-யும் அழுத்து, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். டிக் செய்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்திருக்கும். நீங்களே அதை ஒட்டி ஓடவிடுகிறீர்கள். அது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். எந்த நேர்மையான தளமும் இந்தச் சோதனைக்காக, விண்டோஸ் விசையும் ஆர்-உம் அழுத்தினால் வரும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை.

கடைசியாக, அப்டேட் நின்றுபோன விண்டோஸ். 2017 மே 12 அன்று உலகத்தை உலுக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் ஆதரவு முடிந்தது. 10-க்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு.

கதவு எது என்று தெரிந்தால் தேர்வு பாதி முடிந்தது. அப்டேட் நின்றதுதான் காரணம் என்றால் புதிய கம்ப்யூட்டர் நேரடியாக உதவும். கிராக் காரணம் என்றால், அந்த சாஃப்ட்வேரை விலை கொடுத்து வாங்குவதையோ இலவச மாற்றுக்குப் பழகுவதையோ பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆஃபீஸுக்கு லிப்ரே ஆஃபீஸ், படத்திருத்தத்துக்கு கிம்ப், வீடியோ வெட்ட டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என்று வீட்டுத் தேவைக்குப் போதுமானவை இருக்கின்றன. டாவின்சி மட்டும் நல்ல கிராஃபிக்ஸும் 16 ஜிபி ரேமும் கேட்கும்.

நான்கு பாதைகள்

குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்): பிரவுசர், மெயில், வீடியோ, ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இஎக்ஸ்இ ஃபைல் இதில் ஓடவே ஓடாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் சிஸ்டம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தானே சரிபார்க்கும். கெட்டுப்போனாலும் பவர்வாஷ் என்ற ஒரே கட்டளையில் சில நிமிடங்களில் புதிதாகிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அப்டேட் முடியும் தேதி. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் என்று கூகுள் அறிவித்திருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த ஹார்ட்வேர் தளம் வெளியான நாளிலிருந்தே ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் மாடலுக்கு ஆயுள் பாதி முடிந்திருக்கலாம். விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு வழக்கு சாஃப்ட்வேர், விளையாட்டுகள் ஓடாது. எக்ஸ்டென்ஷன் வழித் தொல்லையும் போலி லாகின் பக்கமும் இங்கேயும் உண்டு.

மேக்: மேக்குக்கு வைரஸ் வராது என்பது பழைய கதை. 2012-லேயே ஃபிளாஷ்பேக் என்பது ஜாவாவின் ஓட்டை வழியாக சுமார் 6 லட்சம் மேக்குகளைப் பிடித்தது. பாஸ்வேர்ட் திருடிகள் இப்போதும் வருகின்றன, பெரும்பாலும் கிராக் செய்த செயலி வேடத்தில், அல்லது கட்டளை அடிக்கும் டெர்மினல் பெட்டியில் ஒரு வரியை ஒட்டச் சொல்லி. இருந்தாலும் ஆப்பிள் சரிபார்த்த செயலிகளை மட்டும் எளிதாகத் திறக்கவிடும் கேட்கீப்பர், உள்ளேயே இருக்கும் எக்ஸ்புரொடெக்ட் இரண்டும் நல்ல காவல். எம்1 முதல் வந்த ஆப்பிள் சிப் உள்ளதை மட்டும் வாங்குங்கள். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26 டஹோதான் கடைசிப் பெரிய பதிப்பு. பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அப்டேட் பிரச்சினை திரும்ப வரும். ஆப்பிள் சிப் மேக்கில் ரேமை பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே 16 ஜிபி பாருங்கள்.

லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்; உபுண்டு, மின்ட் அதன் வகைகள்): வீட்டில் கொஞ்சம் பொறுமை உள்ளவர் ஒருவர் இருந்தால் நல்ல வழி, அதுவும் பழைய கம்ப்யூட்டருக்கே. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு அப்டேட் உண்டு. விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் அந்நியமாகத் தெரியாது. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். இறக்கியபின் செக்சம் எண்ணை (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் அடையாள எண்) ஒப்பிடுவதைத் தவிர்க்காதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் சொந்தத் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்கும் இணைப்பைக் கள்ள ஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

விண்டோஸ் 11: விண்டோஸுக்கென்றே உள்ள சாஃப்ட்வேர் தேவை என்றால் வேறு வழியில்லை, வேறு வழி தேடவும் வேண்டாம். ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்றைய விண்டோஸ் நம்பத்தக்கதுதான். பெற்றோருக்கோ சிறுவர்களுக்கோ வாங்கும் கம்ப்யூட்டரில் எஸ் மோட் இருந்தால் அதை அப்படியே விட்டுவைக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகள் தவிர வேறெதுவும் ஏறாது. வெளியே வருவது இலவசம், திரும்ப உள்ளே போக முடியாது. அதனால் யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

விண்டோஸ் என்றால் எந்தப் பாகம், எவ்வளவு

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே போலி சிஸ்டத்தைத் தடுக்கும் வசதி). முதல் இரண்டு எண்களை நம்பி வாங்கிவிடாதீர்கள். அவை நிறுவப் போதும், வேலை செய்யப் போதாது. மலிவு லேப்டாப்புகளில் வரும் 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான மலிவுச் சேமிப்பு) சேமிப்பில் விண்டோஸே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் இறங்க இடமில்லாமல் தோற்கும், பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கும். வைரஸுக்குப் பயந்து வாங்குபவர் வாங்கவே கூடாத பெட்டி அது.

ரேம் 8 ஜிபி அடிமட்டம், 16 ஜிபி நிம்மதி. போர்டில் பற்றவைத்த ரேமா, பின்னால் கூட்ட ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். சேமிப்பு 512 ஜிபி எஸ்எஸ்டி. படங்கள் அதிகம் இல்லாதவர்களுக்கு 256 போதும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள மாடலை எண் பெரிது என்று எடுக்காதீர்கள்.

பிராசசர் பெயரில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கும். இன்டெல் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும், 1235 என்றால் 12-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வ ஆதரவு, அதனால் பயன்படுத்திய லேப்டாப் வாங்குபவர்கள் 'ஐ7' என்ற பெயரில் மயங்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். ஏழாம் தலைமுறை ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ3 உங்கள் தேவைக்கு நல்லது. ஏஎம்டி ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். 7520 என்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 7530 ஜென் 3, 7540 ஜென் 4. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் புதியவை போலவே தெரியும்.

திரை 1920க்கு 1080, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத) வகை. விண்டோஸ் ஹோம் பதிப்பு வீட்டுக்குப் போதும். 'விண்டோஸ் இல்லாமல் மலிவாகத் தருகிறோம், நாங்களே போட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், லைசென்ஸ் எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், முதல் வைரஸ் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், பழைய ஃபைல்களைத் தொடுமுன்

ஆன் செய்ததும் விண்டோஸ் அப்டேட். ஒருமுறை போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பாருங்கள். புதிய கம்ப்யூட்டர் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்திருக்கலாம், 'அப் டு டேட்' என்று வரும்வரை இரண்டு மூன்று சுற்று ஓடும்.

கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கிவிடலாம். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும். அதை எடுத்ததும் தானே எழுந்து வேலையைத் தொடங்கும். வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும், கம்ப்யூட்டர்தான் திணறும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். மேலே சொன்ன மறைந்த வால் இனி வெளியே தெரியும். பத்து விநாடி வேலை, இதைவிட மலிவான காவல் கிடையாது.

அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம். அட்மினாக வேறொரு கணக்கை உருவாக்கி, உங்கள் கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்கிவிடுங்கள். எதையாவது நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும், கை அங்கே ஒருகணம் நிற்கும். ஆனால் இது முழுக்கவசம் இல்லை. உங்கள் படங்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அனுமதி தேவையில்லை, நீங்கள் தொடக்கூடிய ஃபைல் எல்லாவற்றையும் அதுவும் தொடும். அதற்கு விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்ஷன் பகுதியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு. சிலசமயம் நல்ல செயலியையும் தடுக்கும், அப்போது அதைமட்டும் பட்டியலில் சேர்த்து அனுமதிக்கலாம்.

புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். அதன் 48 இலக்க ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒருநாள் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை அந்த எண்ணைக் கேட்கும்போது, லேப்டாப்பைத் திறந்து தேட முடியாது.

தமிழ் டைப் செய்ய வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99-உம் ஒலிப்பு முறையும் உள்ளேயே இருக்கின்றன. மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பாஸ்வேர்ட் மாற்றம், இந்த வரிசையில்

பழைய கம்ப்யூட்டரில் அடித்த எல்லாப் பாஸ்வேர்டும் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, புதியதில் உட்கார்ந்து மாற்றுங்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் 'மறந்துவிட்டேன்' இணைப்பும் அங்கேதான் வரும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றி நிறுத்தக்கூடாது. பாஸ்வேர்ட் திருடும் வைரஸ்கள் பிரவுசர் குக்கியையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று காட்டும் சீட்டு) எடுத்துப் போகின்றன, அது இருந்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே நுழையலாம். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட்' என்பதை அழுத்தினால்தான் அந்தக் குக்கி செத்துப்போகும். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் முகவரி, ஃபில்டர், ரெகவரி போன் எண் மூன்றையும் பாருங்கள். உங்கள் மெயிலின் நகல் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். அதன்பின் வங்கி, பிறகு சமூக வலைத்தளங்கள். எல்லாவற்றிலும் இரண்டு படிச் சரிபார்ப்பு.

பழைய ஃபைல்களைக் கொண்டுவருவது

இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். நோயுள்ள விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினால் வைரஸும் அதில் ஏறிக்கொள்ளும். அதனால் விண்டோஸை எழுப்பாமலே காப்பி செய்யுங்கள். புதிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் எழுதி, பழையதை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்து எழுப்புங்கள். பழைய டிஸ்க் ஒரு ஃபோல்டர் போலத் திறக்கும். 'ரீட் ஒன்லி' என்று வந்தால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் முழுதாக அணையாமல் தூங்கியதால் அப்படி வருகிறது. படித்து எடுக்க அதுவே போதும். டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருந்தால் மட்டும் ரெகவரி கீ கேட்கும். ஷார்ட்கட் வைரஸ் ஒளித்து வைத்த ஃபோல்டர்கள் விண்டோஸில் தெரியாவிட்டாலும் லினக்ஸில் கண்ணுக்குத் தெரியும். காணாமல் போன கல்யாணப் படங்கள் பல நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கும்.

படம், வீடியோ, பாட்டு, ஆவணங்கள் மட்டும் எடுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, பேட், விபிஎஸ், எஸ்சிஆர், எல்என்கே என்று முடியும் எதுவும் வேண்டாம். 'செட்டப்' என்று சேர்த்து வைத்த ஃபோல்டரை முழுதாக விட்டுவிடுங்கள். தேவையான சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கலாம். புதிய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகியதும் எதையும் திறக்காமல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பழைய வேர்ட், எக்ஸெல் ஃபைல் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், ஆவணத்துக்குள் ஒளிந்து ஓடும் மேக்ரோ வைரஸ் அந்தப் பொத்தானுக்காகத்தான் காத்திருக்கும்.

பிரவுசர் சிங்க் (உங்கள் கணக்கில் உள்ளதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நகலெடுக்கும் வசதி) வழியாகவும் தொல்லை திரும்பி வரும். குரோமில் உள்ளே நுழைந்து சிங்க்கை அப்படியே ஆன் செய்தால், பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஒரு நிமிடத்தில் வந்து இறங்கிவிடும். புக்மார்க்கை மட்டும் ஆன் செய்து, எக்ஸ்டென்ஷன்ஸ், செட்டிங்ஸ் இரண்டையும் அணைத்து வையுங்கள்.

கொண்டுவந்தது எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தபின், இரண்டாவது ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப்பை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

பழையதை என்ன செய்வது

ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். ஏதாவது ஒரு ஃபைல் விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வரும். பிறகு அதில் லினக்ஸ் நிறுவலாம். விண்டோஸ் 11-க்குத் தகுதியானது என்றால், புதிய கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை எழுதி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவும்போது வரும் பட்டியலில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் (சி, டி போன்ற பிரிவுகள்) நீக்கிவிட்டு, மிஞ்சும் காலியிடத்தில் நிறுவுங்கள். டி டிரைவில் பழைய செட்டப்புகள் இருக்கட்டுமே என்று அதை மட்டும் விட்டுவைத்தால், யாராவது ஒருநாள் அதைத் திறந்து டபுள் கிளிக் செய்வார்கள்.